என் படம், அவர்கள் ஃப்ளெக்ஸ்: கேட்காமல் எடுத்தது அரசுத் துறையாக இருந்தால் என்ன செய்வது?

ஆத்தங்கரை கேமரா
செவ்வாய், இரவு 9:40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

நான் ஸ்ட்ரிங்கர். ஒரு நாளிதழுக்கும் இரண்டு இணைய இதழ்களுக்கும் படம் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, அச்சாகும் படத்துக்குக் காசு. போன மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஆற்றங்கரை உடைந்த அன்று காலை, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு படம் எடுத்தேன். ஒரு பாட்டி பரிசலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஆட்டுக்குட்டி. கையில் பட்டா காகிதம், பால் கவருக்குள் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டது. வீட்டில் எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டு வந்தார் என்பதை அந்தக் கவர் சொல்லிவிடும். நாளிதழில் மூன்றாம் பக்கத்தில் என் பெயரோடு வந்தது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே இருபதடி ஃப்ளெக்ஸ். பேரிடர் விழிப்புணர்வு முகாமாம். முக்கால்வாசி இடத்தில் என் பாட்டி. பெரியவர்களின் முகங்களை வலப்பக்கம் வைக்க வேண்டும் என்பதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள். பின்னால் இருக்கும் மளிகைக்கடைப் பலகையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நிற்கிறது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டியிருக்கிறார்கள், அதையும் சரியாக வெட்டவில்லை. கடைசி எழுத்தின் சுழி மட்டும் மிச்சம், அதுவும் திரும்பிப்போய். அதே படம் முகாமில் கொடுத்த கையேட்டின் அட்டையிலும் இருக்கிறது.

எந்தத் துறை, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. நாளைக்கும் அதே ஆபீஸ் வாசலில்தான் நிற்க வேண்டும். கேட்கலாமா, விட்டுவிடலாமா? கேட்டால் எப்படிக் கேட்பது?

பொதுஜனம்
செவ்வாய், இரவு 10:05

கோபப்படாதீர்கள் ப்ரோ, எனக்கு ஒன்று புரியவில்லை. அவர்கள் அதை வைத்து சோப்பா விற்றார்கள்? வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்கிறார்கள். உங்கள் படம் நாலு பேருக்குப் பயன்பட்டது என்று சந்தோஷப்படலாமே. அதோடு அரசாங்கம் வெளியிட்டால் அது அரசாங்கத்தின் படைப்பு என்று சட்டத்திலேயே இருப்பதாகப் படித்த ஞாபகம்.

மரத்தடி வக்கீல்
செவ்வாய், இரவு 11:20

பொதுஜனம் சொல்வது பாதி சரி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ‘அரசுப் படைப்பு’ என்று ஒன்று உண்டு. அரசு எடுக்கச் சொல்லி எடுத்த படம், அரசு ஊழியர் வேலையாக எடுத்த படம் எல்லாம் அதில் வரும். அதற்காக அடுத்தவருக்கு ஏற்கெனவே உரிமையுள்ள படத்தை அச்சடித்த மாத்திரத்தில் அது அரசுடையதாகிவிடாது. அப்படி ஆகும் என்றால், யார் வீட்டு மாட்டையும் பிடித்து அரசு முத்திரை குத்திவிடலாம்.

(சின்ன இடைச்செருகல்: எல்லோரும் ‘காப்புரிமை’ என்றே எழுதுகிறோம். கண்டுபிடிப்புகளுக்குக் கொடுக்கும் பேட்டன்டுக்கும் அதே சொல்லைப் புழங்குவதால் குழப்பம் வருகிறது. மனு எழுதும்போது ‘பதிப்புரிமை’ என்று எழுதுங்கள்.)

புகைப்படத்துக்கு ஆசிரியர், அதை எடுத்தவர். பிரிவு 2(டி)யில் அப்படியே இருக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஷட்டரை அழுத்தியதும் உரிமை பிறந்துவிடுகிறது. முன்பு புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் என்று தனிக்கணக்கு இருந்தது. 2012 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எடுத்தவர் வாழ்நாள், அதற்கு மேல் 60 வருடம்.

பிரிவு 52 நியாயமான பயன்பாடுகளைச் சொல்கிறது. நடப்புச் செய்தியை வெளியிடுவதற்கு இடம் உண்டு, விமர்சனத்துக்கு உண்டு, நீதிமன்ற நடவடிக்கைக்கு உண்டு. முகாம் ஃப்ளெக்ஸுக்கு அதில் இடம் இல்லை. நல்ல காரியம் என்பது தனி விலக்கு கிடையாது. நல்ல காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் இலவசமாகவா அடித்தார்?

தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த நாளிதழோடு எழுத்தில் ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா?

ரப்பர் ஸ்டாம்ப்
புதன், காலை 6:15

நான் அந்தக் காலத்து ஆள். ஒரு பத்திரிகையில் சம்பளத்துக்குப் படம் எடுத்து ஓய்வு பெற்றவன். அப்போதெல்லாம் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, ராத்திரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்புவோம். படத்தின் முதுகில் ரப்பர் ஸ்டாம்ப் அடிப்போம், பெயரும் ஊரும் இருக்கும். மை காயாமல் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு திட்டு வாங்கியது தனிக்கதை. முதுகில் இருந்ததால் யாரும் வெட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை!

வக்கீல் சார் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் போல் பத்திரிகை ஊழியன் எடுத்த படத்தில், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்குப் போய்விடும். அதைத் தாண்டிய மற்ற உரிமைகள் எடுத்தவனிடமே இருக்கும், வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. பிரிவு 17(ஏ). எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். என் படங்கள் சில கண்காட்சிகளில் ‘நன்றி: இன்ன பத்திரிகை’ என்று தொங்கியதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கிறேன்.

ஸ்ட்ரிங்கர் ஊழியரே இல்லை. ஆகவே தம்பி, நீங்கள் என்னைவிட நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள். சம்பளம் இல்லாததில் இப்படி ஒரு லாபம்.

ஆத்தங்கரை கேமரா
புதன், காலை 7:50

ஒப்பந்தம் எதுவும் இல்லை சார். படத்தை மெயிலில் அனுப்புவேன், மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.

மரத்தடி வக்கீல்
புதன், காலை 8:30

அந்த வவுச்சரில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும் (பிரிவு 19). ஒன்றும் இல்லை என்றால் படம் முழுக்க உங்களுடையது.

நூலகத்துக்காரி
புதன், காலை 10:10

எனக்கு வேறு கேள்வி. பெயர் வெட்டாத படம் அந்தத் துறைக்கு எப்படிக் கிடைத்தது? நாளிதழில் இருந்து ஸ்கேன் செய்தால் இருபதடிக்கு இழுக்க முடியாதே, புள்ளி புள்ளியாக உடைந்துவிடும்.

ஆத்தங்கரை கேமரா
புதன், காலை 10:45

இதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் இருந்தேன்.

பி.ஆர்.ஓ. வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். நிருபர்கள், படக்காரர்கள், துறை ஆட்கள் எல்லோரும் இருக்கும் குழு. அன்றைக்கு அந்தத் தெருவுக்கு இன்னும் படகு வரவில்லை, ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டத்தான் போட்டேன். சுருங்கிவிடக் கூடாது என்று டாகுமென்டாக அனுப்பினேன். அரை மணி நேரத்தில் படகு வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். படத்தின் கீழே பெயர் இருந்தது.

நானே போட்டுவிட்டதால் உரிமை போய்விட்டதா?

பொதுஜனம்
புதன், காலை 10:52

அப்புறம் என்ன ப்ரோ! நீங்களே கையில் கொடுத்துவிட்டு, எடுத்துவிட்டார்கள் என்றால்?

மரத்தடி வக்கீல்
புதன், மதியம் 1:30

போகவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான். ‘குழுவில் போட்டதே அனுமதிதான், எங்களுக்குப் பயன்படத்தானே அனுப்பினார்’ என்பார்கள். நம் பதில்: அனுப்பியது மீட்புக்கு, அந்தப் பயனுக்கு அவர்கள் பார்க்கலாம், மேலதிகாரிக்கு அனுப்பலாம். இரண்டு மாதம் கழித்துக் கையேட்டு அட்டையில் போடுவதற்கு அது உரிமம் ஆகாது. பிரிவு 30 உரிமத்தை எழுத்தில் கேட்கிறது.

டாகுமென்டாக அனுப்பியது நல்லதாகப் போயிற்று. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்குவதோடு உள்ளே பதிந்திருக்கும் விவரங்களையும் உரித்துவிடும். எடுத்த நேரம், கேமரா எண், நீங்கள் பதிந்திருந்தால் உங்கள் பெயர் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். இந்த உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்கினால் பிரிவு 65பி-படி இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை. 2012-இல் சேர்த்தது, நம் ஆட்கள் பலருக்கே தெரியாது. அந்த வெட்டுப்பட்ட சுழியைக் கிட்டப்போய்ப் படம் எடுத்து வையுங்கள்.

ரூர் ஆத்துக்காரன்
புதன், மாலை 4:05

ஜெர்மனியிலிருந்து. ‘நீங்களே வெளியே போட்டுவிட்டீர்களே’ என்ற அதே வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் விசாரித்தது. எங்கள் பக்கத்தில் வால்ட்ராப் என்று ஓர் ஊர். அங்கே பள்ளி மாணவி ஒருவர் ஸ்பானிஷ் வகுப்புக் கட்டுரைக்காகப் பயணத் தளம் ஒன்றிலிருந்து கோர்டோபா நகரப் படத்தை எடுத்தார். அந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கீழே போட்டார், பாவம். பள்ளிக்கூடம் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படம் எடுத்த டிர்க் ரென்க்ஹாஃப், ‘நான் அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தேன்’ என்று வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 400 யூரோ. இங்கே பள்ளி ஆசிரியர்களுக்கு மாநில அரசே பொறுப்பு என்பதால் எதிரே நின்றது நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலம்.

யாரும் இலவசமாகப் பார்க்கும்படி ஓரிடத்தில் படம் இருந்தாலும், இறக்கி இன்னோர் இடத்தில் ஏற்றுவதற்குத் தனியாக அனுமதி வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு பள்ளிக்கூடப் படத்துக்காக மாநில அரசு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அந்த வக்கீல் ஃபீஸில் ஒரு வருடத்துக்குப் படம் வாங்கியிருக்கலாம்.

இதே நீதிமன்றம் 2011-இல் பெய்னர் வழக்கில் இன்னொன்று சொன்னது. ஆஸ்திரியாவில் கடத்தப்பட்ட சிறுமியின் பழைய படத்தை, அவரைத் தேடுவதற்காகப் போலீஸ் பயன்படுத்தியது. அது வேறு. அவர் தப்பி வந்த பிறகு பத்திரிகைகள் அந்தப் படத்தைப் பெயர் போடாமல் அச்சிட்டுவிட்டு, பொதுப் பாதுகாப்பு என்று தாமாகவே சொல்லிக்கொள்ள முடியாது என்றது. மீட்புக்கு அனுப்பிய படம் ஃப்ளெக்ஸுக்குப் போன உங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்.

நெகட்டிவ் பெட்டி
புதன், இரவு 8:20

எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற வீடியோக்காரர், கரும்தாடி என்ற கடற்கொள்ளையனின் மூழ்கிய கப்பலை வருடக்கணக்கில் கடலுக்கடியில் போய்ப் படம் எடுத்தார். வட கரோலினா மாநில அரசு அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டது. 2013-இல் 15,000 டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். மறுபடி போட்டார்கள். அதோடு நிற்காமல், இந்த மாதிரிக் கப்பல் படங்கள் எல்லாம் பொது ஆவணம் என்று 2015-இல் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள்! 2020-இல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு சம்மதிக்காமல் அதன் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்று ஆலனைத் திருப்பி அனுப்பியது.

நம் ஊரில் அந்தக் கவசம் இல்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் பிரமாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அரசு காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை அது. அப்படியிருந்தும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே கொடு, 5 லட்சம் இழப்பீடும் கொடு என்று மத்திய அரசுக்கே உத்தரவு போட்டது. பிரிவு 57. பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமையும், படைப்பைச் சிதைத்துக் கௌரவத்தைக் கெடுக்காதே என்று கேட்கும் உரிமையும், மற்ற உரிமைகளை விற்ற பிறகும் படைத்தவனோடுதான் இருக்கும்.

திருப்பிப் போட்ட பலகை உங்கள் கேஸில் சின்ன விஷயம் இல்லை. செய்திப் படத்தில் இடம் வலமானால் அது நடக்காத ஒன்றின் படம்.

நூலகத்துக்காரி
புதன், இரவு 9:00

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கதை ஒன்று உண்டு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கையில் நம் எல்லையில் போட்ட மின்விளக்குகள் என்று ஒரு படம் வந்தது. பார்த்தால் அது ஸ்பெயின்-மொராக்கோ எல்லை, ஸ்பெயின்காரர் ஒருவர் 2006-இல் எடுத்தது. நாடே சிரித்தது, எந்த எல்லை என்று. யாருடைய படம், அவரிடம் கேட்டார்களா என்ற பேச்சு என் காதில் விழவே இல்லை. அடுத்த வருடம் மியான்மர் ராணுவம் ரோஹிங்கியாக்களைப் பற்றிப் போட்ட புத்தகத்தில், மார்த்தா ரியால் 1996-இல் எடுத்த ருவாண்டா அகதிகள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மியான்மருக்குள் நுழைகிறவர்கள் என்று போட்டார்கள். ராய்ட்டர்ஸ் கண்டுபிடித்தது, ராணுவம் மன்னிப்புக் கேட்டது.

எடுத்தவர் பெயரை வெட்டிவிட்டால், ‘இது அந்த இடம் இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். எனக்கு இதில் காசைவிட அதுதான் உறுத்துகிறது.

ஆத்தங்கரை, இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டியிடம் நீங்கள் கேட்டீர்களா?

ஆத்தங்கரை கேமரா
புதன், இரவு 11:35

கேட்கவில்லை அக்கா. தண்ணீரில் நின்று எங்கே கேட்பது. என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், துறை என்னைப் பற்றி நினைத்ததும் அதே மாதிரிதானோ என்று வருகிறது. நாளை அந்தப் பக்கம் போகிறேன்.

கோப்பில் கிடக்கிறேன்
வியாழன், காலை 7:05

நான் அரசு ஊழியன், வேறு மாவட்டம், வேறு துறை. உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முகாம் தேதி முந்தின நாள் மாலைதான் உறுதியாகும். பிரிவில் யாராவது ஒருவரிடம் ‘நல்ல வெள்ளப் படமாப் பாத்து டிசைனருக்கு அனுப்பு’ என்பார்கள். அவர் செல்லில் தேடி, குழுவில் கண்ணில் பட்டதை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்புவார். வெட்டுவது, திருப்புவது எல்லாம் அந்தக் கடையில் நடப்பது. கடைக்காரப் பையனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, யார் முகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது. திருட்டு எண்ணம் யாருக்கும் இருக்காது. படத்துக்கு ஆள் உண்டு என்ற எண்ணமும் இருக்காது.

அதனால் வக்கீல் நோட்டீஸில் ஆரம்பிக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகும், போனால் ‘தவறு இல்லை’ என்று பதில் எழுதத்தான் எல்லோரும் உட்காருவார்கள். துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், பி.ஆர்.ஓ.வுக்கு நகல். படம் என்னுடையது, இன்ன தேதியில் எடுத்தது, கையேட்டு அட்டையில் பெயரில்லாமல் வந்திருக்கிறது, இனி அச்சிடும் பிரதிகளில் பெயர் போடவும், இவ்வளவு கட்டணம் தரவும். திட்டு ஒரு வரிகூட வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

அப்புறம் ஆர்.டி.ஐ. பத்து ரூபாய். கையேடு எத்தனை பிரதி, அச்சுச் செலவு எவ்வளவு, வடிவமைப்புக்குக் கொடுத்த பில் நகல். பில்லில் ‘படங்கள்’ என்று ஒரு தொகை இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

மரத்தடி வக்கீல்
வியாழன், காலை 9:40

நண்பர் சொன்ன வரிசை சரி. என் பிழைப்பைக் கெடுக்கிறார், ஆனாலும் சரி. அதே ஆர்.டி.ஐ. சட்டத்தின் பிரிவு 9, கேட்ட தகவலைக் கொடுத்தால் அரசல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்படும் என்றால் மறுக்கலாம் என்கிறது. அடுத்தவர் உரிமை என்று ஒன்று இருப்பது அலுவலகங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதையே கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி நோட்டீஸ், இரண்டு மாதம் காத்திருப்பு. அரசு மேல் வழக்கு என்றால் அதைத் தாண்ட முடியாது, அவசரம் என்று கோர்ட்டு விட்டால் ஒழிய. வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 62). மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

பிரிவு 63-இல் குற்றவழக்கும் உண்டு, ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு ஃப்ளெக்ஸுக்காக ஸ்டேஷன் படியேறாதீர்கள். அங்கேயும் வாசலில் அதே முகாம் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும்.

கார்டை அழித்துவிட்டீர்களா?

ஆத்தங்கரை கேமரா
வியாழன், காலை 10:00

ரா ஃபைல் (கேமராவில் பதிந்த அசல் கோப்பு) ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதினோரு ஃபிரேமும் இருக்கிறது.

ரப்பர் ஸ்டாம்ப்
வியாழன், காலை 10:20

அந்தப் பதினொன்றுதான் உங்கள் பத்திரம். ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தாவது எடுத்திருக்கலாம். பரிசல் வருவதும் போவதும் எடுத்தவனிடம் மட்டும்தான் இருக்கும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள் தம்பி. என் நெகட்டிவ்களில் பாதி பூஞ்சை பிடித்துப் போயிற்று.

ஆத்தங்கரை கேமரா
26 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5:15

கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன்.

கடிதம் அனுப்பிய ஒன்பதாம் நாள் பி.ஆர்.ஓ. ஆபீஸில் இருந்து போன். ‘என்னப்பா, நம்ம ஆளு நீ, நேர்ல சொல்லியிருக்கலாமே’ என்றார்கள். நேரில் சொல்லியிருந்தால் டீயோடு முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. கையேடு இரண்டாம் முறை அச்சுக்குப் போகிறதாம், உள்ளட்டையில் பெயர் போடுகிறார்களாம். படத்தையும் நேராகத் திருப்பச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். கட்டணத்துக்கு ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. ஆர்.டி.ஐ. பதில் இன்னும் வரவில்லை. குழுவில் இருந்து என்னை எடுக்கவில்லை. ஆனால் இரண்டு நிகழ்ச்சிக்குத் தகவல் எனக்கு மட்டும் தாமதமாக வந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம்.

பாட்டியைப் பார்த்தேன். ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஆட்டுக்குட்டியைத்தான் பார்த்தார். அதை விற்றுவிட்டாராம். ஃப்ளெக்ஸ் பற்றிச் சொன்னதற்கு, ‘அதான் எல்லாரும் என்னைய போஸ்டர்ல பாத்தேன்னு சொன்னாக. அவுக பணம் குடுத்தா எனக்கும் பாதி குடு’ என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் இப்போது இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் விறகு நனையாமல் மூடி வைத்திருக்கிறார். பாட்டி முகம் மேலே, பெரியவர்கள் முகம் விறகுக்கு அடியில்.

மரத்தடி வக்கீல்
ஞாயிறு, மாலை 5:40

அது சாட்சியம். வாங்கி வையுங்கள்.

ஆத்தங்கரை கேமரா
ஞாயிறு, மாலை 6:10

கேட்டேன் சார். புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கிக் கொடுத்தால் எடுத்துக்கொள் என்கிறார்.